பதினேழாம் சதுரம்

எர்மெலிந்தா பாறையில் ஏறியதும் ஏழு அலைகளை எண்ணுவாள். பிறகுதான் மண்டியிடுவாள், அதுவும் கடலைப் பார்த்தபடியே. கடலுக்கு முதுகு காட்டிய அப்பாவின் ஒற்றை ரப்பர் பூட்ஸ்தான் வீடு திரும்பியது.

மாதம் இருமுறை, கடல் நன்றாக வற்றும் காலைகளில், பாறையில் அறைந்த ஆணிகளுக்கு மேல் ஒரு மீட்டர்ச் சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே உள்ள பாசி, நத்தை, மட்டி எல்லாவற்றையும் எண்ணுகிறாள். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. பல்கலைக்கழகத்தார் தலைநகர் சாந்தியாகோவில் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறார்கள். முட்டி தேய்வது இவளுக்கு. நத்தைகளை அதட்டுவாள்: "சும்மா இருடி, எண்ணி முடிச்சிடறேன்!"

புதிதாக வரும் மாணவர்களுக்கு ஒரே பாடம்தான். "ஒண்ணுமில்லைன்னா தாள்ல கட்டத்தை வெறுமனே விட்டுடாதீங்க. விட்டா, பார்க்கலேன்னு அர்த்தம். சைபர் போட்டா, பார்த்தேன், இல்லேன்னு அர்த்தம்." சைபருக்குப் பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும். கீழே சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். அதை எப்போதும் போடுபவன் தம்பி தோரிபியோ.

அவனுக்குப் பிழைப்பு கறுப்புப் பாசி: பாறையைப் பற்றிக்கொண்டு ஆள் உயரம் வளரும்; காய்ந்ததை லாரிக்காரர்கள் வாங்கிப் போவார்கள். கடல் பிய்த்துக் கரையில் போடுவதை மட்டும்தான் எடுக்கலாம் என்பது அரசாங்க விதி. விலை ஏறியதும் ஊரே பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கக் கடப்பாரையோடு இறங்கிவிட்டது. போன மாதம் அவள் சட்டத்துக்குள் பாசி பெயர்ந்த மூன்று வெள்ளைத் தழும்புகள். 'அலை' என்று எழுதினாள். பொய் என்று தெரிந்தேதான் எழுதினாள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

பதினேழாம் சதுரத்தில் ஒரு கிழட்டுக் கறுப்புப் பாசி இருந்தது. எந்தப் புயலுக்கும் அசையாததால் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தாள். முப்பது சதுரங்களிலும் கடைசியாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். இன்று அந்த இடத்தில் ஈரப் பாறையும் நேர்க்கோடாக ஒரு கீறலும் மட்டும் இருந்தன.

"அக்கா, டீ ஆறுது. தாளைக் கொடு, கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். லாரி வந்துடும்," என்றான் தோரிபியோ பின்னாலிருந்து.

"மாமியாரைக் காணோம்டா."

"கிழவிதானே, அலைல போயிருப்பா."

"அலை கோடு போட்ட மாதிரி கீறுமாடா?"

அவன் டீக் குவளையைப் பாறையில் வைத்தான். "அலைன்னே எழுதுக்கா. கடப்பாரைன்னு எழுதினா கரையை மூடிடுவாங்க. ரெண்டு வருஷம் எதைத் தின்றது? உன் சட்டத்தையா?"

"மூடலேன்னா அடுத்த வருஷம் எதைப் பிடுங்குவே? பாறையையா?"

எர்மெலிந்தா கட்டத்தில் சைபர் போட்டாள். பக்கத்தில் 'கடப்பாரை' என்று எழுதினாள். போன மாதத் தாளைத் திருப்பி, மூன்று இடத்தில் 'அலை'யை அடித்துவிட்டு அங்கும் 'கடப்பாரை' என்றே எழுதினாள். பிறகு கழுத்துக் கயிற்றோடு பென்சிலைக் கழற்றி, கடலுக்கு முதுகு காட்டித் திரும்பி, தாளோடு தம்பியிடம் நீட்டினாள்.