பேராசிரியர் கோதண்டபாணியின் போர்க்கைதிகள்

அடையாறு காந்தி நகரில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கோதண்டபாணி. கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிடிபட்ட கைதிகளும் அவர்களை அடைத்துவைத்த முகாம்களும்தான் அவருடைய ஆராய்ச்சி. ஜார்ஜியாவில் என்றைக்கோ பசியில் செத்த சிப்பாய்களுக்காக அவர் கண் கலங்குவதை நாங்கள் லிஃப்டில் பார்த்திருக்கிறோம், மொட்டை மாடியில் பார்த்திருக்கிறோம். அந்த முகாமுக்குள் தாழ்வாக ஒரு மரவேலி இருந்ததாம். அதைத் தாண்டினால் காவலன் சுட்டுவிடுவானாம். தண்ணீர் மோட்டார் ஏன் ஓடவில்லை என்று கேட்கப் போனவர்களும் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். வாட்ச்மேனுக்கு ஒரு நாற்காலி போடலாம் என்று கூட்டத்தில் நான் சொன்னபோது, "உக்காந்தா தூங்கிடுவான்" என்று முடித்துவைத்தவரும் இவரேதான்.

அவர் மனைவி ஸ்ரீரஞ்சனி எனக்குச் சிநேகிதி. இனி வருவதில் பெரும்பகுதி அவள் சொன்னது.

மூன்றாவது மாடி வீடு காலியாக இருந்தது. சொந்தக்காரர் சிங்கப்பூரில். சாவி கோதண்டபாணியிடம். புரோக்கர் தணிகாசலம் ஒரு குடும்பத்தை அழைத்து வந்தார்.

"பார்ட்டி டீசன்ட்டு சார். தி.நகர்ல துணிக்கடைல பில்லிங்ல கீறாரு. பேப்பர்லாம் கரீட்டா கீது."

வந்தவர் பெயர் தவரூபன், இலங்கைக்காரர். கூடவே மனைவி ஷீலாவும் பள்ளிக்கூட வயதில் ஒரு மகளும். சண்டை நடந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கோதண்டபாணி கேட்டார்.

தவரூபன் மனைவியை ஒருதரம் பார்த்தார். "வன்னியில சேர். யுத்தம் முடிஞ்சாப் பிறகு ரெண்டு வருசம் தடுப்பில வச்சிருந்தவை."

"தடுப்புன்னா, முகாமா?"

"ஓம் சேர்."

கோதண்டபாணியின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு சோபாவில் உட்காரவைத்தார். ஸ்ரீரஞ்சனியைக் காபி போடச் சொன்னார். ரெக்கார்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு கொட்டகையில் எத்தனை பேர்? தண்ணீர் எங்கிருந்து வந்தது? அடித்தார்களா? எதால்? தவரூபன் எல்லாவற்றுக்கும் மெதுவான குரலில் பதில் சொன்னார். ஷீலா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீரஞ்சனி சிறுமியைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் முறுக்கு கொடுத்து அங்கேயே வைத்துக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும் கோதண்டபாணி சிங்கப்பூருக்குப் போன் போட்டார்.

"ஆளு நல்லவராத்தான் தெரியறார். ஆனா உள்ள இருந்துட்டு வந்தவர். நாளைக்குப் போலீஸ், விசாரணைன்னு வந்து நிக்கும். நமக்கெதுக்கு வம்பு? வேற பாத்துக்கலாம்."

பேசி முடித்தார். ரெக்கார்டரைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்டதைத் தாளில் எழுத உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ரீரஞ்சனி தணிகாசலத்திடம் விலாசம் வாங்கினாள். அடுத்த வாரம், ரெக்கார்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போனாள். ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த வீட்டில் அவர்கள் குடியேறியிருந்தார்கள்.

"சொல்லாட்டி வீடு தரமாட்டினம் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான்" என்றார் தவரூபன். "ஷீலாவுக்குக்கூட நான் இதொண்டும் சொல்லேல்லை அம்மா. உங்கட வீட்டிலதான் அவ முதல்முதலாக் கேட்டவ."

ஷீலா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"இதை என்ன செய்யணும், சொல்லுங்க" என்று ஸ்ரீரஞ்சனி ரெக்கார்டரை நீட்டினாள்.

"அழிச்சுவிடுங்கோ."

அங்கேயே அழித்தாள்.

வீட்டில் ரகளை. "ஆதாரம் அது! அதோட மதிப்பு உனக்குத் தெரியுமா?"

"அவரோடது. அவரே அழிக்கச் சொன்னார்."

"அவருக்கு மட்டும் என்ன தெரியும் அதோட மதிப்பு?"

அந்த மனிதருக்குத் தன்னுடைய சிறைவாசத்தின் மதிப்பு தெரியாதாம்! இதை ஸ்ரீரஞ்சனி என்னிடம் இரண்டு தரம் சொன்னாள். இரண்டு தரமும் எனக்கு அறைய வேண்டும்போல் இருந்தது.

ரெக்கார்டர் போனாலும் தாள் இருந்தது. புத்தகம் வந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில் 'பெயர் சொல்ல விரும்பாத ஈழத்தமிழர் ஒருவர்' வருகிறார். பேசும்போது அவர் விம்மி அழுததாகவும், பேராசிரியர் அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னதாகவும் எழுதியிருக்கிறது. தவரூபன் அழவில்லை. தோளை யாரும் தொடவுமில்லை.

மயிலாப்பூரில் ஒரு அரங்கத்தில் வெளியீட்டு விழா. பொன்னாடைகள், போண்டா, காபி. இப்படிப்பட்ட சாட்சியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அவரே என்னைத் தேடி வந்தார்" என்றார் கோதண்டபாணி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஸ்ரீரஞ்சனி விழாவுக்கு வரவில்லை. ஷீலாவோடு சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். இப்போது வாராவாரம் போகிறாள். எங்கே போகிறாள் என்று அவர் கேட்டதில்லை. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரைப் படிக்க ஆரம்பித்திருக்கிறார், நேரமில்லை. யாராவது விசாரித்தால், அவளுக்குச் சரித்திரத்தில் அவ்வளவாக ஆர்வமில்லை என்கிறார்.