பூ வைக்கப் போன இடத்தில் திரும்பி நடந்தேன்

எனக்குப் பேய் சமாசாரமே ஆகாது. டிவியில் பேய்ப்பட விளம்பரம் வந்தாலே தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவன் முப்பத்தொரு வயதில் ஒரு பேய் கேமில் இறங்கியதற்குக் காரணம், ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் மில் ஆபீசில் எனக்கு அடுத்த சீட்டுக்காரர்.

“இது புதுசாப் பழகுறவங்களுக்குன்னே செஞ்சதுய்யா. காசும் கிடையாது. பயந்தா நிறுத்திக்கிடலாம்” என்று சொல்லி என் போனில் ஏற்றிக் கொடுத்தார்.

கேம் இதுதான். ஒரு பழைய லாட்ஜ் வராந்தா. நடந்துபோய்க் கடைசிக் கதவைத் திறந்தால் மறுபடியும் அதே வராந்தா. எல்லாம் போன தடவை பார்த்தது மாதிரியே இருந்தால் நேராகப் போகவேண்டும். ஒரு பூந்தொட்டி இடம் மாறியிருந்தாலும் சரி, படத்தில் இருக்கிறவர் கண்ணைத் திறந்திருந்தாலும் சரி, உடனே திரும்பி வந்த வழியே நடந்துவிட வேண்டும். ஓடக்கூடாது, பின்னால் பார்க்கக்கூடாது. மாறியதைக் கவனிக்காமல் போனால் ஒரு உருவம் வந்து மூஞ்சிக்கு நேராகக் கத்தும்; மறுபடியும் முதலிலிருந்து நடக்கவேண்டும். பத்து தடவை தப்பில்லாமல் போனால் வெளியே விட்டுவிடுவார்கள்.

பயத்தின் அளவைக் கூட்டிக் குறைக்க வசதி இருந்தது. ஆகக் குறைவாக வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சுற்றி நாலு பேர் இருக்கும்போது மட்டும் விளையாடினேன். அப்படியும் முதல் தடவை அது கத்தியபோது என் கையிலிருந்த தக்காளிச் சோற்று டப்பா பறந்து, லாரி பில்கள் மேல் கவிழ்ந்தது.

ரெண்டே வாரத்தில் எனக்குக் கண் கூர்மையாகிவிட்டது. அதோடு ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. ஒருநாள் கையெழுத்து வாங்க மேனேஜர் அறைக்குப் போனேன். சுவரில் காலண்டர் இடம் மாறியிருந்தது. பேசாமல் திரும்பி என் சீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். எதற்குப் போனேன் என்பதே பத்து நிமிஷம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். அம்மா, தாய்மாமா, நான் மூன்று பேரும் போனோம். பெண் காபி கொண்டுவந்தாள். நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்ததால் நான் ஹாலைப் பார்த்தேன். பச்சைச் சுவர், காப்பிக் கலர் சோபா, மூன்று இறக்கை ஃபேன், மாலை போட்ட ஒரு தாத்தா படம். தாத்தா ஊரில் யார்மேலோ கோபம் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் மனசில் பதிந்துபோனது. பெண் மட்டும் மங்கலாகப் பதிந்தாள். ஆனால் அவள் குரல் பிடித்திருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூ வைக்கப் போனோம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் முடித்துவிடவேண்டும் என்று மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பெண்ணுடைய அப்பா வாசலில் நின்று, “வாங்க மாப்பிள்ளை” என்று உள்ளே கூப்பிட்டார். நான்தான் முதலில் நுழைந்தேன்.

அதே பச்சைச் சுவர். அதே சோபா. ஃபேனுக்கு மட்டும் நாலு இறக்கை. மெதுவாகச் சுவரைப் பார்த்தேன். அதே தாத்தா, அதே மாலை. ஆனால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் யோசிக்கவே இல்லை. கால் தானாகத் திரும்பியது. எனக்குப் பின்னால் பூத்தட்டோடு வந்த அம்மாவைச் சுற்றிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, தெருவில் இறங்கி நடந்தேன். ஓடவில்லை. பின்னால் பார்க்கவும் இல்லை. தெருமுனைத் தையல் கடை வரைக்கும் போய்விட்டேன்.

“ஏலே! எங்கலே போற? செருப்புக்கூடப் போடாம!” மாமா மூச்சு வாங்க ஓடிவந்து சட்டையைப் பிடித்தார்.

“மாமா, தாத்தா சிரிக்காரு.”

“எந்தத் தாத்தாலே?”

“படத்துல இருக்கவரு. போன தடவை முறைச்சாருல்ல?”

மாமா என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். கல்யாணம் பிடிக்கவில்லை என்றால் வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று அவர் ஆரம்பிப்பதற்குள் பெண்ணுடைய அப்பாவும் வந்துவிட்டார். பாவம், அவருக்கு முகமே வெளுத்திருந்தது. நான் கேமையும் ஃபேனையும் தாத்தாவையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“மாப்பிள்ளை, போன தடவை நீங்க வந்தது என் தம்பி வீட்டுக்கு. எங்க வீட்ல அன்னைக்கு பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தாக. ரெண்டு வீடும் ஒண்ணாக் கட்டுனது, சாமானெல்லாம் சோடி சோடியா வாங்குனது. ஃபேன் மட்டும் எங்க வீட்ல பொறவு மாத்துனது. அப்பாவுக்கு இருந்ததே ரெண்டு போட்டோதான். சிரிக்கிறது எனக்கு வந்துச்சு, முறைக்கிறது அவனுக்குப் போச்சு.”

திரும்பி வந்து பார்த்தேன். ஒரே மாதிரி ரெண்டு வீடு, ஒரே மாதிரி ரெண்டு கேட். அம்மாவும் அப்போதுதான் அதைப் பார்த்தாள். ஆனால் அவர்கள் வீட்டுக் கேட்டில் சாய்ந்துகொண்டு பெண் நின்றிருந்ததால் என்னால் ரொம்ப நேரம் கேட்டைப் பார்க்க முடியவில்லை.

அவள் அப்பா நடந்ததைச் சொல்லி முடித்ததும், “வேற என்னென்ன மாறியிருந்துச்சு?” என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டாள்.

“கடிகாரம். ஷோகேஸ்ல மயில் பொம்மை இல்ல. ஜன்னல் திரைல பூ பெருசா இருக்கு.”

“போன தடவை நான் கண்ணாடி போட்டிருந்தேனா?”

அவள் மூக்கில் கறுப்புக் கண்ணாடி இருந்தது. அன்றைக்கு எப்படி இருந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. குத்துமதிப்பாக, “இல்ல, இன்னைக்குத்தான் புதுசா” என்றேன்.

“ரெண்டு தடவையும் போட்டிருந்தேன்” என்றாள்.

அவளுடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். மாமா என் முதுகில் ஒன்று வைத்தார்.

எந்த கேம், எங்கே காட்டுங்கள் என்று அவள் கேட்டதும் போனை எடுத்துக் கொடுத்தேன். சோபாவில் நடுவில் அவள் உட்கார்ந்தாள். சுற்றி ரெண்டு குடும்பமும் குனிந்து நின்றது. அவள் பயத்தின் அளவை ஒரே இழுப்பில் கடைசிவரைக்கும் கூட்டினாள். நான் ரெண்டு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன்.

“தொட்டியக் காணும், திரும்பு!” என்றாள் என் அம்மா.

“மொதல்லயே தொட்டி இல்ல மதினி” என்றார் பெண்ணுடைய அம்மா.

“கதவு நம்பரப் பாரு! ஏட்டி, நம்பரப் பாரு!” என்று அவளுடைய சித்தப்பா கத்தினார். அவள் நேராகப் போனாள். உருவம் வந்து கத்தியது. என் மாமா அதைவிடச் சத்தமாகக் கத்தி, பக்கத்திலிருந்த சித்தப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர்கள் அதுவரைக்கும் சரியாகப் பேசிக்கொண்டதுகூட இல்லை.

மறுபடி தொடங்கி ஒன்பதாவது வராந்தா வரைக்கும் போனபோது யாரோ மணியைப் பார்த்தார்கள். பன்னிரண்டேகால். எமகண்டம் பிறந்துவிட்டது. பூ தட்டிலேயே கிடந்தது. ஒன்றரை மணி வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது என்பதால், காபியோடு முடிகிற விசேஷத்துக்கு அவசரமாக உலை வைத்தார்கள். தம்பி வீட்டிலிருந்து ரசம் வந்தது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

சாப்பாடு தயாராவதற்குள் என் வருங்கால மாமனார் போனை என்னிடம் நீட்டி, “நீங்க ஒரு ஆட்டம் போடுங்களேன் மாப்பிள்ளை, பாப்போம்” என்றார்.

“அளவைக் குறைச்சுக்கிடட்டுமா?” என்று கேட்டேன்.

“குறைச்சுக்கோங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்” என்று பக்கத்திலிருந்து அவள் சொன்னாள். ஆனால் சொல்லாமல் இருக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த என் ஆபீஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் மேடையிலிருந்தே சொல்லிவிட்டாள்.