சைக்கிள் ஷாக்கில் கட்டிய நூல்

மகன் கல்லூரி விடுதிக்குப் போனதும் அவனுடைய கியர் சைக்கிள் எனக்கு வந்தது. மலையேறுகிற சைக்கிளாம். குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட எங்கள் வீதிக்கு அதுதான் லாயக்கு என்று பனியன் கம்பெனிக்கு அதிலேயே போக ஆரம்பித்தேன்.

முதல் நாளே ஒன்று பிடிக்கவில்லை. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்க ஷாக் அப்சார்பர் தொபுக்கென்று அமுங்கி எழுந்தது. நான் இருபது வருடமாக பேட்லாக் மெஷினில் பனியன் தைக்கிற டெய்லர். எங்களுக்கு ஒரு வியாதி உண்டு, திருகைக் கண்டால் கை சும்மா இருக்காது. நூல் தொளதொளவென்று ஓடினால் தையல் விட்டுப்போகும், டென்சன் திருகை இறுக்கு என்பதுதான் எங்கள் வேதம். ஷாக்கின் தலையிலும் ஒரு திருகு இருந்தது. முடிந்தமட்டும் இறுக்கினேன். வண்டி ஆடாமல் நின்றது. எனக்கு ஒரே பெருமை.

ஒரு மாதத்தில் இரண்டு கையும் மரத்துப்போக ஆரம்பித்தன. காலையில் மெஷினில் உட்கார்ந்தால் பத்து மணிவரை விரலுக்கு அடியில் துணி இருப்பதே தெரியாது. தையல் கோணிக்கொண்டு போனது. வயதாகிவிட்டது, இந்தக் கை இனி அவ்வளவுதான் என்று குளியலறையில் அழுதேன். திங்கட்கிழமையிலிருந்து செக்கிங்கில் உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டும்படி சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பிசிறு வெட்டுவது கேவலமில்லை. ஆனால் நான் டெய்லர்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளை எடுக்குமுன் கையை உதறிக்கொண்டிருந்தேன். அயர்ன் போடும் ஒடிசாக்காரர் பார்த்துவிட்டார். என் பீஸைத் தீய்த்துவிடுகிறார் என்று தினமும் நான் வாயாடுகிற ஆள். வந்து ஹேண்டில்பாரை அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த வேஸ்ட் நூல் ஒன்றை எடுத்து, ஷாக்கின் பளபளப்பான கம்பி கீழ்க்குழாய்க்குள் நுழைகிற இடத்தில் கட்டி, என்னை ஏறி உட்காரச் சொன்னார். இறங்கிப் பார்த்தால் நூல் கட்டிய இடத்திலேயே இருந்தது.

"நீ வெயிட் இல்ல அக்கா. இது அமுங்கணும். அமுங்கலேன்னா அடி பூரா உன் கைக்குத்தான் வரும்" என்றார்.

திருகைக் கொஞ்சம் தளர்த்துவார், நூலைக் கீழே இறக்குவார், நான் ஏறி இறங்குவேன். அமுங்கிய அளவுக்கு நூல் மேலே போய் நிற்கும். என் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை வாங்கி அளந்தார். நூல் ஒரு இஞ்ச் ஏறியதும் போதும் என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். இறுக்கியது நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இரண்டு வாரம் பிசிறு வெட்டினேன். விரலுக்கு உணர்வு மெல்லத் திரும்பியது. ஒரே ஒரு பீஸ் தைத்துக் காட்டுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன். தையல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. மத்தியானமே என் மெஷினை எனக்கு விட்டார்.

நேராக அயர்ன் டேபிளுக்குப் போனேன். சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்து அவர் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "உங்களாலதானுங்க என் கை பொழச்சுது" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த பீஸை எடுத்தார்.

அந்த நூல் இன்னும் ஷாக்கில்தான் இருக்கிறது. அழுக்கேறிக் கறுத்துவிட்டது. நேற்றுகூட செக்கிங் பெண்ணொருத்தி பழக்கதோஷத்தில் கத்தரியை நீட்டினாள்.

"அது இருக்கட்டும் கண்ணு" என்றேன். "அதுனாலதான் நான் மெஷின்ல உக்காந்திருக்கறேன்."