நேற்றைய கடல்

எனக்குக் கணினிகளிடம் இரக்கம் கிடையாது. நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் நாள் முழுக்க அவற்றோடு மாரடிக்கிறவள் நான். வடகரையில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனால் அங்கும் ஒன்று எனக்காகக் காத்திருக்கும். கடற்றொழிலாளர் சங்க மண்டபத்துச் சுவரில் ஒரு பெரிய டிவி. அதன் முதுகில், சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு குட்டிக் கணினி. யாரோ புண்ணியவான்கள் அன்பளிப்பாகக் கொடுத்தது. அன்றன்றைய திகதிக்குரிய கடல் வானிலை அறிவித்தலை அது இணையத்தில் தேடி எடுத்து டிவியில் காட்டும். தொழிலுக்குப் போகிறவர்கள் அதை ஒருதடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுவார்கள். வானொலி கேட்கிற பழக்கம் எப்போதோ விட்டுப்போயிற்று.

இரண்டு மாரிக்கு முன்பு ஒரு சனிக்கிழமை பின்னேரம். நான் ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் சங்கச் செயலாளர் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, இடைக்கிடை எழுத்துகள் பெட்டி பெட்டியாத் தெரியுது. ஒருக்காப் பாரும்."

எனக்கு விசர்தான் வந்தது. வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடிக்கக்கூட விடமாட்டார்கள். ஆனாலும் போனேன். முதல்நாள் மத்தியானம் போன கரண்ட் அன்று மத்தியானம்தான் வந்திருந்தது. ஊரில் போன்களெல்லாம் செத்துக் கிடந்து, அப்போதுதான் ஒவ்வொன்றாக உயிர் பெற்றுக்கொண்டிருந்தன. ஏழெட்டு வள்ளங்கள் ஏற்கெனவே கடலுக்குப் போயிருந்தன. என் அண்ணையின் வள்ளமும் போயிருந்தது. அவரோடு, எப்போதும் போல, மச்சாளின் தம்பியும். மச்சாள் என்று நான் கூப்பிடுவது அண்ணையின் மனைவியை.

மண்டபத்து வாசலில் நின்றால் கடல் தெரியும். அலைச் சத்தமே இல்லை. வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. காற்று அடியோடு நின்று, கழுத்து கசகசத்தது. மாரிகாலத்தில் கடல் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் டிவியும் அதையேதான் சொன்னது: "வடக்குக் கடற்பரப்பு பொதுவாக அமைதியாகக் காணப்படும்."

புதிய எழுத்துரு ஒன்றைப் போட்டால் பெட்டிகள் போய்விடும். அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால், கணினி தனக்குத் தெரிந்த மென்பொருள் களஞ்சியங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, உங்களிடம் இப்போது என்னென்ன இருக்கிறது என்று கேட்டுப் பட்டியலை வாங்கிவரும். எதையும் நிறுவாது, எதையும் மாற்றாது. சந்தைக்குப் புறப்படுமுன் இன்றைக்கு என்ன மரக்கறி வந்திருக்கிறது என்று விசாரிப்பது மாதிரி. வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

தட்டினேன். களஞ்சியங்கள் பதில் சொன்னது ஒவ்வொரு வரியாக வந்தது. கணினி ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் அது முறையிட்டதன் சாரம் இவ்வளவுதான்: இந்தப் பட்டியல்கள் இன்னும் செல்லுபடியாகவில்லை. செல்லுபடியாக இன்னும் பல மணித்தியாலம் இருக்கிறது.

களஞ்சியத்தில் ஏதோ கோளாறு என்று திட்டிக்கொண்டே இன்னொருதடவை தட்டினேன். அதே பதில். இனிமேல்தான் உண்டாகப்போகிற ஒரு பட்டியல் எப்படி இப்போது வந்து சேரும்? அப்போதுதான் டிவியின் மூலையில் இருந்த மணியைப் பார்த்தேன். என் கைக்கடிகாரத்தோடு சில நிமிடங்கள்தான் வித்தியாசம். அதன் கீழே திகதி சின்னதாக இருந்தது. அது வெள்ளிக்கிழமைத் திகதி.

அன்றைக்கோ சனிக்கிழமை.

இந்த மாதிரிக் குட்டிக் கணினிகளுக்குள் கடிகாரப் பட்டரி கிடையாது. கரண்ட் போனால் அவற்றுக்கு நேரமும் நின்றுவிடும். திரும்ப வந்ததும் இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். அன்றைக்கு எதனாலோ அது நடக்கவில்லை. கரண்ட் கிட்டத்தட்ட ஒரு முழுநாள் இல்லாமல் இருந்ததால், மணி சரியாகவும் நாள் பிழையாகவும் அமைந்துவிட்டது. நேற்றைய திகதிக்கு நேற்றைய கடலைத் தேடி எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் உதைப் பாத்திட்டோ போனவை?" என்று செயலாளரிடம் கேட்டேன்.

"ஓம் பிள்ளை. கரண்ட் வந்த உடனை அது தானாப் பத்தினது. பாத்திட்டுத்தான் போனவை. ஏன்?"

உடனே அண்ணையின் போனுக்கு எடுத்தேன். மணி அடித்தது. அந்தச் சத்தம் தந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. எடுத்தது மச்சாள். மண்டபத்துக்குப் பின்வீடுதான் அவர்களுடையது. அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"சார்ஜிலை போட்டவர், விட்டிட்டுப் போட்டார். தம்பியின்ரை போனும் செத்துப்போய்க் கிடக்கு. ஏன் எடுத்தனீர்?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். "அமைதி எண்டுதானே கிடக்குது. பேந்தென்ன?"

திகதியைத் திருத்தும் கட்டளை ஒரே வரி. தட்டி முடித்தேன். கடைசிப் பொத்தானில் விரல் நின்றுவிட்டது. இதை அழுத்தாமல் விட்டால் கடல் அமைதியாகவே இருந்துவிடும் என்று ஒரு விசர் எண்ணம். மச்சாள் எனக்குப் பக்கத்தில், தோள் முட்ட நின்றாள். அழுத்தினேன்.

திரை ஒருகணம் வெறுமையாகி, சிவப்பில் திரும்பி வந்தது. மச்சாள் பள்ளிக்கூடப் பிள்ளை வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "பலத்த காற்று... கடல் மிகக் கொந்தளிப்பாக... கடற்றொழிலாளர்கள் மறு அறிவித்தல் வரை கடலுக்குச் செல்லவேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்." முழுவதையும் வாசித்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"உது நாளைக்கோ?"

"இல்லை மச்சாள். இண்டைக்கு."

செயலாளர் போனோடு வாசலுக்கு ஓடினார். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அந்தப் பட்டியல் கட்டளையைத் திரும்பவும் தட்டியிருக்கிறேன். இந்தத் தடவை எல்லாக் களஞ்சியங்களின் பட்டியல்களும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. ஒரு பிழைகூட இல்லை.

போன் கிடைத்த வள்ளங்கள் இருட்டுமுன் திரும்பிவிட்டன. கிடைக்காத ஒன்றிரண்டு, காற்று மாறுவதைக் கண்டு தாமாகவே வந்தன. அண்ணையின் வள்ளம் வரவில்லை. அதன்பிறகு அடித்த காற்றில் சங்க மண்டபத்துத் தகரம் இரண்டு பறந்தது. நானும் மச்சாளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடந்தோம். நான் கடவுளிடம் அண்ணையை மட்டும்தான் கேட்டேன். அவள் இரண்டு பேரைக் கேட்டிருப்பாள்.

அடுத்தநாள் மத்தியானத்துக்குப் பிறகு, தேடப்போன வள்ளம் ஒன்று கரைக்கு வந்தது. அதன் முன்பக்கத்து அணியத்தில் அண்ணை குந்தியிருந்தார். உடம்பெல்லாம் உப்புப் பூத்து, உதடு வெடித்து, ஆனால் உயிரோடு. மச்சாள் அசையவில்லை. அவருக்குப் பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று வள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தேடப்போனவர்களைத் தவிர ஒருவரும் இறங்கவில்லை. நான்தான் தண்ணீருக்குள் ஓடினேன். சந்தோசத்தில் அண்ணை, அண்ணை என்று கத்தினேன், அவளுக்குக் கேட்கக் கேட்க.