சீரியல் தம்பியும் எங்கள் வீட்டுத் தம்பியும்

என்னுடைய இரண்டு அண்ணன்களும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. சின்னண்ணன் தன் மகள் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில், பெரியண்ணன் பெயர் சின்னண்ணியின் தம்பி பெயருக்குக் கீழே வந்துவிட்டது. அச்சகத்துத் தப்பு என்றார் சின்னண்ணன். "அச்சகத்துக்காரனா நம்ம குடும்பத்துக்கு மூத்தவன்?" என்றார் பெரியண்ணன். அதோடு சரி. ஆரணியில் இரண்டு தெரு தள்ளித்தான் இருவர் வீடும். ஞாயிறு ஆராதனையில் ஒருவர் முதல் பெஞ்சு, மற்றவர் கடைசிப் பெஞ்சு.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. மாலை ஏழரை மணிப் பேய் சீரியல். கிறிஸ்தவர்கள் அதையெல்லாம் பார்க்கக்கூடாது என்று போதகர் பிரசங்கித்தபோது, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரே நேரத்தில் ஆமென் கேட்டது.

சீரியலில் அண்ணன் செத்துப்போகிறான். தம்பி அழுகிறான். திங்கட்கிழமை ஆரம்பித்த அழுகை புதன்கிழமைதான் முடிந்தது. முதலில் நெற்றியைக் காட்டினார்கள், பிறகு உதட்டை, பிறகு பிணத்தை, மறுபடி நெற்றியை. புயல் வீசியது. அது தம்பியின் தலைமுடியை மட்டும்தான் தொட்டது. பக்கத்தில் எரிந்த விளக்கு அசையவே இல்லை. கண்ணீரும் கேமரா இருந்த பக்கத்துக் கண்ணிலிருந்து மட்டும் வந்தது. நான் முப்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். மூக்கு ஒழுகாமல் அழுகிற மனிதனை அந்த நடிகரிடம்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வார்டில் நான் பார்த்த தம்பிகள் வேறு மாதிரி. அண்ணன் போய்விட்டார் என்று சொன்னதும் ஒருவர் "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். இன்னொருவர் செல்போன் சார்ஜர் கேட்டார். ஒருவர் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் போஸ்டரை வரி விடாமல் இரண்டு தடவை படித்தார்.

இதைச் சின்னண்ணனிடம் சொன்னால் கோபம் வரும். துண்டால் முகத்தைத் துடைத்தபடி, "பாசம்னா இதும்மா. உனக்கு ஆஸ்பத்திரியில இருந்து இருந்து மனசு மரத்துப்போச்சு" என்பார்.

அதற்குள் செத்த அண்ணனாக நடித்தவர் வேறு சேனலுக்குப் போய்விட்டார். ஆவியாகத் திரும்பி வந்தது வேறு ஆள். இவருக்குப் பதில் இவர் என்று கீழே எழுத்து ஓடியது. முகம் வேறு, குரல் வேறு, உயரம் அரையடி குறைவு. ஆனாலும் தம்பி பார்த்த மாத்திரத்தில் "அண்ணா!" என்று ஓடிக் கட்டிக்கொண்டான். அதற்கும் சின்னண்ணன் அழுதார். அறுபது வருடமாக ஒரே முகத்தை வைத்திருக்கும் சொந்த அண்ணன் மார்க்கெட்டில் எதிரே வந்தால், குனிந்து கத்தரிக்காய் பொறுக்குகிறவர் அவர்.

ஒரு சனிக்கிழமை காலை பெரியண்ணன் வெம்பாக்கத்தில் ஒரு நண்பரைப் பார்க்கப் போயிருந்தார். நான் பஸ் ஸ்டாண்டு அருகே நின்று சின்னண்ணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு வாக்கில், "பெரியண்ணன் காலையிலயே போயிட்டாரு" என்றேன். "வெம்பாக்கத்துக்கு" என்று முடிப்பதற்குள் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அந்தப் பக்கம் போன் கட்டானது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பத்து நிமிடம் கழித்து அண்ணி திரும்பக் கூப்பிட்டார்.

"எத்தினி மணிக்கு எடுக்கிறாங்க? உங்க அண்ணன் சட்டை கூட போடாம ஓடிட்டாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் சபையில் யாரும் சாவதில்லை; கர்த்தருக்குள் நித்திரை அடைவார்கள். ஆனால் போனில் எல்லோரும் போய்த்தான் விடுகிறார்கள். ஆட்டோ பிடித்து ஓடினேன்.

வழியெல்லாம் சீரியல்தான் ஞாபகம் வந்தது. சின்னண்ணன் வாசலில் விழுந்து புரள்வார், வானத்தைப் பார்த்துக் கத்துவார், தெருவே கூடிவிடும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், பெரியண்ணன் வீட்டுக் கூடத்தில் பனியனோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. விக்கல் மட்டும் வந்துகொண்டிருந்தது. எதிரே பெரியண்ணி கையில் மாவோடு நின்றார்.

"இன்னா தம்பி, ஆறு வருசம் கழிச்சு விக்கலுக்குத் தண்ணி கேக்கவா வந்தீங்க?"

"ஐஸ் பெட்டி... சொல்லியாச்சா அண்ணி?"

"எதுக்கு?"

நான் குறுக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். சின்னண்ணன் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்து, கால் நடுங்கித் திரும்ப உட்கார்ந்தார். விக்கல் நிற்கவில்லை. அண்ணி ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். சிரித்தாரா அழுதாரா தெரியாது.

பெரியண்ணன் வரும்போது மதியம் ஒரு மணி. கையில் பச்சை வேர்க்கடலைப் பை. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இவன் எதுக்கு வந்துகினு கீறான்?"

பயந்து பயந்து நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு வேறு கவலை.

"அழுதானா?"

"இல்லண்ணா. விக்கல் மட்டும்."

பெரியண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "டிவியில எவனோ செத்ததுக்கு மூணு நாளு அழுதியாமே. நான் செத்தா வெறும் விக்கலாடா?"

"நீதான் சாவலியே!" என்று கத்தினார் சின்னண்ணன். "போறவன் சொல்லிட்டுப் போறதில்ல? எவ்ளோ பேஜாரு!"

"உன்கிட்ட எதுக்குடா சொல்லணும்? பத்திரிகையில என் பேரு எங்க கீது?"

பத்திரிகைச் சண்டை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது. ஆறு வருடத்துப் பாக்கியையும் சேர்த்து அரை மணி நேரம் போட்டார்கள். அண்ணி நடுவில் வந்து இரண்டு தட்டு வைத்துச் சாம்பார் ஊற்றினார். சாப்பிட்டுக்கொண்டே திட்டினார்கள். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை.

சாப்பிட்ட பிறகும் சின்னண்ணனுக்குக் கால் நடுக்கம் போகவில்லை. பெரியண்ணன் ஸ்கூட்டரை எடுத்து, அவரைப் பின்னால் உட்காரவைத்து வீட்டில் விட்டு வந்தார். திரும்பியவர் சாவியைக் கையில் வைத்தபடி என் முன்னால் நின்றார்.

"ரொம்ப இளைச்சுட்டான்மா. பின்னாடி ஆள் உக்காந்ததே தெரியல. சுகர் பார்த்தானான்னு கேளு."

"நீயே கேளேண்ணா."

"நான் இன்னாத்துக்கு கேக்கணும்? நீ நர்ஸுதானே."

திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். சர்க்கரை நிறையவே இருந்தது. இப்போது தினமும் காலை ஆறு மணிக்குப் பெரியண்ணன் தம்பி வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கிறார். இருவரும் ஏரிக்கரை வரை நடக்கிறார்கள். பெரியண்ணன்தான் முன்னால் போகவேண்டும் என்பது ஏற்பாடு.