மஞ்சள் கடிதாசியும் பிஸ்கட் டின்னும்

என் புருஷன் திவாலானவர். மலாக்கா கோர்ட்டில் மஞ்சள் கடிதாசி கொடுத்தவர். இதை நான் ஒருநாளும் குரலைத் தாழ்த்திச் சொன்னதில்லை. எங்கள் சொந்தக்காரர்களில் சிலர் இந்தப் பேச்சு வந்தாலே வேறு பேச்சுக்குத் தாவுவார்கள். நான் விடமாட்டேன். மறுபடி அதற்கே இழுத்து வந்து, முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் காப்பி கொடுப்பேன்.

மலாக்காவுக்குப் பக்கத்தில் பெம்பானில் எங்களுக்கு மளிகைக் கடை இருந்தது. பக்கத்து ரப்பர் தோட்டத்து ஜனங்கள்தான் வாடிக்கை. மாதம் முழுக்கப் பற்றில் அரிசி, பருப்பு, கருவாடு வாங்குவார்கள். சம்பளத்தன்று கொடுப்பார்கள். ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்தில் முதலில் சம்பளத்தைக் குறைத்தார்கள், பிறகு ஆளையே குறைத்தார்கள். வேலை போனவர்களைக் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்கு, சொந்த ஊருக்குக் கப்பலேற்றினார்கள். போகிறவர்கள் கடைவாசலில் வந்து நின்று, “அண்ணே, ஊருக்குப் போயி எப்படியும் அனுப்பி வச்சிடறேண்ணே” என்று அழுதார்கள். இவரும் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழிக்கு அவலும் வெல்லமும் கட்டிக் கொடுத்து அனுப்பினார். என் புருஷனுக்கு வியாபாரம் தெரியும், வசூல் தெரியாது. ஊருக்குப் போனவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பாவம், அங்கேயும் அவர்களுக்கு என்ன கொட்டியா கிடந்தது?

அவர்கள் தின்ற அரிசிக்கு நாங்கள் கடன்காரர்கள் ஆனோம். மலாக்காவில் மொத்தக்கடை வைத்திருந்த சீனத் தவுக்கே முதலாளியிடம் சரக்கு பாக்கி. வட்டிக்குக் கொடுக்கும் செட்டியார்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கிட்டங்கியில், ஒரு செட்டியாரிடம் இவர் கையெழுத்துப் போட்ட கடன் நோட்டு. கடையை விற்றாலும் பாதிகூட அடையாது. வாங்கத்தான் ஆள் எங்கே இருந்தது?

அப்போது வக்கீல் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த ஒருவர் எங்களுக்குப் பழக்கம். நல்ல மனுஷர்தான், மூளை மட்டும் கொஞ்சம் குறுக்கே ஓடும். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வழிகளைச் சொன்னார்.

“செட்டியாருக்குப் புது நோட்டு எழுதிக் குடுக்கலாம். வட்டியும் முதலோட சேரும், அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம், அப்புறம் ஜப்தி. இல்லன்னா பேங்க்ரப்ட் குடுத்துடுங்க. கோர்ட்டு ஆளு வந்து இருக்கிறத எடுத்துக்குவாரு, கடன்காரங்களுக்குப் பங்கு போட்டுக் குடுப்பாரு. அதுக்கப்புறம் யாரும் உங்க சட்டையப் புடிக்க முடியாது.”

இவர் முகம் செத்துப்போயிற்று. “மஞ்சக் கடுதாசி குடுத்தவன்னு பேரு வாங்கிட்டு இந்த ஊர்ல எப்படிங்க நடமாடறது? அதுக்குப் பேசாம பினாங்குக்குப் போயிக் கப்பலேறிடலாம்.”

அந்த வருஷம் எத்தனையோ கடைக்காரர்கள் அப்படித்தான் போனார்கள். முதல்நாள் சாயங்காலம் வரைக்கும் தராசு ஆடும், மறுநாள் கதவில் பூட்டுத் தொங்கும். அதனால் இவர் சொன்னது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் எங்கள் கடையில் அந்த டின் இருந்தது.

டின் என்றால் சாதாரண பிஸ்கட் டின். உப்புச் சாடிக்கு மேலே இருந்த பலகையில் வைத்திருப்பேன். தோட்டத்துப் பெண்கள் தங்கள் தோடு, மூக்குத்தி, குழந்தைக்குப் போட்ட அரைஞாண் எல்லாவற்றையும் என்னிடம்தான் கொடுத்து வைப்பார்கள். தோட்டத்து லயத்து வீட்டில் பூட்டு இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கள்ளுக்கடை. புருஷன் கண்ணில் பட்டால் தோடு அந்தத் தவறணைக்குப் போய்விடும். அதனால் ஒருத்தியும் ரசீது கேட்கமாட்டாள். துண்டுக் காகிதம் வீட்டில் கிடந்தாலும் அவன் கேட்பானே! கட்டியிருக்கும் சேலையின் உள்தலைப்பில் ஒரு கீற்றுக் கிழித்து, அதில் நகையை முடிந்து கொடுப்பாள். அந்தக் கந்தைதான் ரசீது. சேலை அவளிடம், கிழிசல் என்னிடம்.

“அந்த டின்ன இப்பவே திருப்பிக் குடுத்துடறேன்” என்றேன் கிராணியிடம்.

அவர் பதறிவிட்டார். “ஐயையோ, அந்தத் தப்ப மட்டும் செய்யாதீங்க! கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தங்கத்தக் கைமாத்துனா, சொத்த ஒளிச்சான்னு அண்ணன உள்ள தூக்கி வச்சிடுவாங்க. கோர்ட்டு ஆளு வரும்போது அவருகிட்டயே சொல்லுங்க. நம்பினா குடுப்பாரு.”

“நம்பலேன்னா?”

“கடையில இருக்கிறது கடைச் சொத்துன்னு எடுத்துக்குவாரு.”

கிராணி போன பிறகு இவர் கப்பலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும், அன்றைக்கு அது தலைக்கே ஏறிவிட்டது. ஓடினால் டின்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்றுதான் ஊர் பேசும். புது நோட்டு எழுதினால் என்றைக்கோ ஒருநாள் ஜப்திக்காரன் வந்து ஒரு வார்த்தை கேட்காமல் அள்ளுவான். கோர்ட்டுக்குப் போனால், என்ன ஏது என்று கேட்பதற்காவது ஒரு ஆள் வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

“பேரு கெட்டுடும்னு பயப்படறீங்களே, ஓடுனா மட்டும் பேரு மணக்குமா?” என்றேன். “நாலு பேரு முன்னாடி கடையத் தொறந்து காட்டி, இவ்வளவுதான்யா இருக்கு, எடுத்துக்கங்கன்னு சொல்றதுல என்னங்க கேவலம்? நாம யாரு வீட்டுலயும் கன்னம் வைக்கலியே!”

“அந்தப் பொம்பளைங்க நகை போயிருச்சுன்னா?” என்றார் இவர்.

“போகாது” என்றேன். மறுநாள் இவர் மலாக்காவுக்குப் பஸ் ஏறிப் போய், மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

கோர்ட்டு ஆள் வருவதற்கு முன்னால் கிராணி இன்னொரு முறை வந்தார். என் கையில் கிடந்த வளையல்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அக்கா, இதையும் ஒரு கந்தையில முடிஞ்சு டின்னுல போட்டுடுங்க. எவளாவது ஒருத்தி என்னுதுன்னு சொன்னா முடிஞ்சது லா.” அவர் எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் அவர் நல்லதுக்குத்தான், இன்னொரு தடவை அப்படிச் சொன்னால் மண்ணெண்ணெய் அளக்கும் குவளையால் மண்டையில் போடுவேன் என்றேன்.

வந்த அதிகாரி யாழ்ப்பாணத்துத் தமிழர். கறுப்புக் கோட்டும் கையில் குடையுமாக, சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கும் முகம். மூட்டைகளை எண்ணினார், சாடிகளைத் திறந்து பார்த்தார், கடைசியில் டின்னுக்கு வந்தார். நான் என் வளையல்களைக் கழற்றி மேசை மேல் தனியாக வைத்தேன்.

“இது என்னுது. டின்னுல இருக்கிறது எங்களுது இல்லீங்க ஐயா.”

“அப்ப ஆருடையது? எழுத்து ஏதும் இருக்கோ?”

“எழுத்து இல்லீங்க. ஆளு இருக்கு.”

ரப்பர் பால்வெட்டு முடித்துப் பெண்கள் எல்லாரும் கடைவாசலில் வந்து நின்றிருந்தார்கள். வரச் சொல்லியிருந்தேன், அவரவர் முடிச்சுக்கு உரிய சேலையோடு. புருஷன்மார்களும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அதுதான் எனக்குப் பயம். இத்தனை நாள் ஒளித்ததை அவன் எதிரிலேயே என்னுடையது என்று எவள் சொல்வாள்?

அதிகாரி ஒரு முடிச்சை எடுத்து உயர்த்திப் பிடித்தார். சிவப்பில் கறுப்புக் கட்டம் போட்ட கீற்று. யாரும் அசையவில்லை. அந்தச் சேலைக்காரியை எனக்குத் தெரியும், அவள் புருஷன் அவளுக்குப் பின்னாலேயே நின்றிருந்தான். இவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான், போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது அவள் இடுப்பில் இருந்த குழந்தையைப் புருஷன் கையில் திணித்துவிட்டு முன்னால் வந்தாள்.

“என்னுதுங்க. வெள்ளக்கல் தோடு. ஒரு கல்லு விழுந்துருச்சு, அரக்கு வச்சி அடைச்சிருக்கு.”

“அடியே, தோடு ஆத்துல விழுந்துருச்சுன்னியே!” என்று அவன் கத்தினான். வாசலே சிரித்தது.

அந்தச் சேலை பிள்ளைக்குத் தொட்டில் கட்டிக் கிழிந்துபோய்விட்டது. அவள் தொட்டில் துணியையே அவிழ்த்து எடுத்து வந்திருந்தாள். அதிகாரி கீற்றை அதன் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். கட்டத்துக்குக் கட்டம் பொருந்தியது. முடிச்சை அவிழ்த்தார். வெள்ளைக்கல் தோடு, ஒரு கல் இருந்த இடத்தில் அரக்கு.

அதற்குப் பிறகு ஒருத்திக்கும் வெட்கம் இல்லை, பயமும் இல்லை. ஒவ்வொருத்தியாக வந்து உள்ளே இருப்பதைச் சொன்னாள், சேலையை விரித்தாள், வாங்கிக்கொண்டாள். ஒரு முடிச்சும் மாறவில்லை, ஒரு குன்றிமணியும் குறையவில்லை. எல்லாம் முடிந்ததும் அதிகாரி குடையை எடுத்துக்கொண்டே இவரிடம், “உங்கட மனுசி எங்கட கந்தோரில வேலை செய்ய வேண்டிய ஆள்” என்றார். கந்தோர் என்றால் ஆபீஸ். அந்த முகத்திலும் சிரிப்பு வந்தது. தராசும் மூட்டைகளும் என் வளையல்களும் போயின. காலி டின்னை மட்டும் விலை போகாதென்று விட்டுவிட்டார்.

நாங்கள் மலாக்கா ஓரத்தில், பாச்சாங்கில் ஒரு அறை எடுத்துக்கொண்டு வந்தோம். இவர் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் மசாலா அரைத்து விற்றேன். சோற்றுக்குக் குறைவில்லை, ஆனால் இவர் தலை நிமிரவில்லை. தெரிந்தவர் எதிரே வந்தால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

தீபாவளி முடிந்து சில நாளில், அந்த வெள்ளைக்கல் தோட்டுக்காரி பெம்பானிலிருந்து பஸ் ஏறி எங்களைத் தேடி வந்துவிட்டாள். தண்ணீர் குடித்தாள், பிள்ளை நடப்பதைச் சொன்னாள். பிறகு முந்தானையை அவிழ்த்து ஒரு முடிச்சை எடுத்து என் கையில் வைத்தாள். புதுச் சேலையில் கிழித்த புதுக் கீற்று.

“வச்சிக்கங்கக்கா.”

“அடி பைத்தியமே, நாங்க திவாலானவங்கடி. ஊருக்கே தெரியும்.”

“தெரியுங்க்கா. அதான் வந்தேன். மத்தவங்க வீட்ட எல்லாம் யாரு சோதிச்சுப் பாத்தா? உங்க வீட்டத்தான் கோர்ட்டே வந்து பாத்துட்டுப் போயிருக்கு.”

மூலையில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்தார். பலகை மேல் சும்மா கிடந்த பிஸ்கட் டின்னை எடுத்து, தன் தோள் துண்டால் உள்ளும் புறமும் துடைத்து, மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தார்.