சோடாவில் வெந்த கடல்பஞ்சு

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் ‘பஞ்சு டாக்டர்’ என்று பெயர். பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தருவதற்கு ரொம்ப நாள் முன்பே தெரு தந்துவிட்டது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை மெட்ராசில் என்ன ஆராய்ச்சி செய்கிறான் என்று கேட்டவர்களிடம் ‘கடல்பஞ்சு’ என்று உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த தண்டனை அது. பட்டு நெய்கிற ஊரில் பஞ்சு என்றாலே ஒரு மாற்றுக் குறைவு. அதிலும் இது நூற்கவும் ஆகாது, தலையணைக்கும் ஆகாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. கடல்பஞ்சு பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் பிராணிதான். பாறையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சித் துப்பிக்கொண்டிருக்கும். பல் இல்லை, ஓடு இல்லை, தப்பித்து ஓடக் கால் இல்லை. ஆனாலும் அது கடலில் அழுகிப்போவதில்லை. அதன் உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் எதையோ சுரந்து மற்றக் கிருமிகளை அண்டவிடாமல் செய்கின்றன என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அந்த ‘எதையோ’ பிடித்துவிட்டால் மருந்து. நான் செய்ததெல்லாம் பஞ்சின் வழவழப்பைச் சுரண்டி வளர்த்து, பக்கத்தில் சீழ்க் கிருமியை விட்டு வேடிக்கை பார்த்ததுதான். இரண்டரை வருஷம் சீழ்க் கிருமியே ஜெயித்தது. பிறகு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பிளேட்டில், ஒரு மஞ்சள் புள்ளியைச் சுற்றி நாலணா அகலத்துக்கு எந்தக் கிருமியும் வளராமல் வெறிச்சென்று நின்றது. அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை.

அந்த மஞ்சள் பாக்டீரியாவை எடுத்து மறுபடி வளர்த்தேன். இரண்டாம் முறை சோம்பியது. மூன்றாம் முறை செத்தே போனது. என் பேராசிரியரோ அதற்குள் கட்டுரையை எழுதி, தன் பெயரை முதலில் போட்டு, வெளிநாட்டு மாநாட்டுக்குக் கோட்டும் தைக்கக் கொடுத்துவிட்டார்.

“இன்னும் ரெண்டு தடவை வரணும்ப்பா. ஜூன் முடியறதுக்குள்ள காட்டு. இல்லேன்னா உன் உதவித்தொகையை நீட்டிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார்.

நீட்டிக்காவிட்டால் ஆராய்ச்சி அதோடு சரி. வீட்டுக்கு வந்து தறியில் உட்காரவும் வழியில்லை. நான் நெய்த ஒரு முழத்தைப் பார்த்துவிட்டு, பதினாலு வயசிலேயே அண்ணன் என்னைத் தறியைவிட்டு எழுப்பிப் படிக்க அனுப்பியவன்.

ஆகவே தெற்கே கடலோரத்திலிருக்கும் மண்டபம் ஊருக்கு ஓடினேன். முன்பு கொடுத்த அதே மீனவரைக் கெஞ்சி, அதே பாறையில் முங்கி எடுத்த கறுப்புப் பஞ்சு ஒன்றை, கடல்நீரும் ஐஸுமாக ஃபிளாஸ்கில் அடைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். நேரே மெட்ராஸ் போயிருக்க வேண்டும். மறுநாள் ஞாயிறு, ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும், அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் கருட சேவை என்றெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிச் செங்கல்பட்டில் இறங்கிவிட்டேன். சேவைக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள் வந்திருப்பார்கள், என் பெருமையைக் கேட்க ஆள் கிடைக்கும் என்பதுதான் நிஜம்.

வீட்டுக் கொல்லையில் பஞ்சை ஒரு அலுமினியப் பாத்திரத்துக்கு மாற்றி, சுற்றிலும் புது ஐஸ் போட்டு, ஈரச் சாக்கால் மூடினேன். அண்ணியைக் கூப்பிட்டேன்.

“இது ரொம்ப முக்கியம் அண்ணி. உள்ள மருந்து இருக்குது. யாரும் தூக்கிப் போட்டுடாம பார்த்துக்குங்க.”

அண்ணி தலையாட்டினாள். நான் கூட்டத்தோடு பெருமாளைப் பார்க்கப் போய்விட்டேன். பெருமாளைப் பார்த்தது கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் காபிக் கடையில் பென்சிலினின் வரலாறு பேசினேன்.

அண்ணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தறிக்கும் அக்கம்பக்கத்து நாலைந்து தறிக்கும் பட்டு வேகவைப்பது அவள்தான். புழுவின் கூட்டிலிருந்து வரும் பட்டு, பசையோடு விறைப்பாக, மங்கலாக இருக்கும். சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து, பசையைப் போக்கி, பல தண்ணீரில் அலசினால்தான் பளபளப்பு வரும், சாயமும் ஏறும். கொஞ்சம் கூடினால் இழை கெடும், குறைந்தால் சாயம் திட்டுத் திட்டாக நிற்கும். அண்ணி கை பட்ட பட்டில் இரண்டும் நடந்ததில்லை.

மத்தியானம் திரும்பி வந்தேன். கொல்லைக் கொடியில், காய்கிற பட்டு நூல்களுக்கு நடுவே, என் கடல்பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. சந்தன நிறத்தில், பூ மாதிரி. அவ்வளவு அழகான கடல்பஞ்சை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“இன்னா தம்பி, இவ்ளோ பசையோட கொண்டாந்துட்டீங்க? ஊட்ல விருந்தாளிங்க வந்துக்கினு போய்க்கினு இருக்காங்க, நாத்தம் தாங்கல. உள்ள மருந்து இருக்குதுன்னீங்க. மேல இருக்கற பசைய எடுத்தாத்தானே உள்ள இருக்கறது கெடைக்கும்? ரெண்டு வாட்டி சோடா போட்டு வேகவெச்சு, ஏழு தண்ணி அலசிட்டேன்” என்றாள்.

பிறந்ததிலிருந்து அவளுக்குப் பசை கழிவு, இழைதான் சரக்கு. எனக்கு இழை கழிவு, பசைதான் சரக்கு. இந்த ஒரு வரியை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. காபிக் கடையில் முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் பாடம் நடத்தியவனுக்கு வீட்டில் விளக்க நேரமில்லை. அதனால் என்ன, கத்துவதற்கு நேரம் இருந்தது.

“பட்டு அவிக்கறதைத் தவிர உங்களுக்கு வேற என்னதான் தெரியும்?” என்று அவள் பிறந்த வீட்டார் முன்னாலேயே கத்தினேன்.

அண்ணி முகம் செத்துப்போயிற்று. ஆனால் மழுப்பவில்லை. “தப்பு எம்மேலதான் தம்பி. நான் மெட்ராசுக்கு வந்து உங்க வாத்தியாரண்ட சொல்றேன்” என்றாள். அவளை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போக எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்றேன்.

மறுபடி மண்டபம் போவதற்கில்லை. காற்றுக் காலம் தொடங்கிக் கடல் கலங்கிவிட்டது, யாரும் முங்க மாட்டார்கள். பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு தடவை வந்தது நிஜம்தானே?”

“நிஜம் சார்.”

“அப்போ இன்னும் ரெண்டு தடவை செஞ்சிருந்தாலும் வந்திருக்கும். கட்டுரையில மூணுன்னு எழுது.”

எழுதினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. தெளிவான கையெழுத்தில் ‘மூன்று முறை’ என்று எழுதினேன். அவர் மாநாட்டுக்குப் பறந்தார், என் உதவித்தொகை நீண்டது.

அந்த மாதங்களில் அண்ணி என்ன செய்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும், “தம்பியோட படிப்ப நான்தான் அவிச்சுக் கெடுத்துட்டேன்” என்று சொல்லியிருக்கிறாள். தெரு அவளைச் சும்மா விடுமா? பஞ்சை அவிச்சவள் என்று குழாயடியில் கேலி செய்திருக்கிறார்கள்.

கட்டுரை அச்சாகி வந்ததும் ஒரு பிரதியோடு ஊருக்குப் போனேன். அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“அன்னிக்கு வெந்துபோச்சே, அது திரும்பக் கெடச்சுதா தம்பி?”

“கெடச்சுது அண்ணி.”

“முன்ன மாதிரி ஒரு வாட்டிதானா?”

“மூணு வாட்டி.”

அண்ணி அப்படியே உட்கார்ந்து அழுதாள். உண்மையைச் சொன்னால் பழைய பாரம் மறுபடி அவள் தலையில் ஏறும், அதனால்தான் சொல்லவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்கு இப்படியொரு சாக்கா கிடைக்காது. பயம்தான், வேறொன்றுமில்லை. பட்டமும் வந்தது, வேலையும் வந்தது. அந்த மஞ்சள் பாக்டீரியா மட்டும் வரவில்லை. அதை மறுபடி தேட எனக்குத் தைரியமும் வரவில்லை.

அதன்பிறகு வீட்டில் யாருக்காவது கட்டி வந்து பழுத்தால், சோடாவில் தன் விரல் வெடித்துச் சீழ் பிடித்தால், அண்ணி தவறாமல் கேட்பாள். “மூணு வாட்டி வந்துச்சே தம்பி, அது இன்னுமா கடைக்கு வரல?” கேலியாகக் கேட்கவில்லை. கேலியாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.